செத்த வானமும் வடக்கே உதித்த சூரியனும்

வெயில் அடித்தால்தான் கேமராவை வெளியே எடுப்பேன் என்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மிச்சமிருக்கிற கொஞ்ச நாளில்தான் மேகம் மூடி, வெளிச்சம் கண்ணை உறுத்தாமல், மரம் மரமாகவும் கல் கல்லாகவும் தெரியும். அந்த நாளாகப் பார்த்து எல்லோரும் கேமராவை மூடி வைத்துவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

எனக்கு மூடிய வானம் பிடித்ததற்குக் காரணம் என் வேலை. திருவெறும்பூரில் கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். குழாயையும் குழாயையும் வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, நல்ல ஒட்டா கெட்ட ஒட்டா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருட்டு அறையில் எட்டு மணி நேரமும் சாம்பல் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாம்பலுக்குள் முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் விரிசல். புள்ளி தெரிந்தால் காற்றுக் குமிழ். வெல்டர்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"மேடம், அது ஃபிலிம்ல விழுந்த கீறல் மேடம். பாத்து விட்டுடுங்க."

விடமாட்டேன். கெட்ட ஒட்டுக்கு ஒரு நாள்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

ஓய்வு பெற்றதும் கேமரா வாங்கினேன். மழை மூட்டம் என்றால் கிளம்பிவிடுவேன். அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என் கணவர். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று கேட்பார்.

"மழை வர மாதிரி இருக்கு. இப்பப் போய் எங்க கிளம்புற?"

"அதுக்குத்தான் கிளம்புறேன்."

"துணி எடுக்கணும்."

"நீங்க எடுங்க."

இப்படி ஆறேழு வருடம் ஓடியது. நான் எடுத்த படம் ஒன்றுகூட என் வீட்டுச் சுவரைத் தாண்டி எங்கும் மாட்டப்படவில்லை. வீட்டிலும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தோம். வெளியே ஒரு சுவரில், தெரியாத ஆட்கள் பார்க்கிற இடத்தில், என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த நேரத்தில் என் பல் டாக்டர் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். திருவெறும்பூரில் ஒரு சின்ன அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், புத்தூரில் பெரிய கிளினிக் திறக்கப்போவதாகச் சொன்னார்.

"அக்கா, வரவங்க உக்கார்ற ஹால்ல ஒரு சுவர் முழுசா காலியா இருக்கு. ஸ்ரீரங்கம் கோபுரம், காவேரி, எல்லாம் சேத்து ஒரே படமா வேணும். நீங்கதானே எப்பப் பாரு கேமராவும் கையுமா அலையுறீங்க. எடுத்துக் குடுங்களேன்."

"எப்ப வேணும்?"

"கார்த்திகை பொறந்ததும் திறப்பு. இன்னும் மூணு வாரம் இருக்கு."

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மாதம். வானம் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. தினமும் விடிவதற்குள் கணவரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவேரியின் தென்கரைக்குப் போய்விடுவேன். அங்கே நின்று வடக்கே பார்த்தால் ஆறு, அக்கரையில் தென்னைமரங்கள், அதற்கு மேலே ராஜகோபுரம். பத்து நாள் போனேன். பத்து நாளும் சூரியன் வரவில்லை. வராதது எனக்கு வசதி.

மூடிய வானத்தில் படம் எடுப்பது சோம்பேறி வேலை இல்லை. வெயிலில் நிழல் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே நிழலே கிடையாது, எல்லாவற்றையும் நாமே தேட வேண்டும். வானத்தைக் கொஞ்சமாக வைக்க வேண்டும், நிறைய வைத்தால் படம் வெள்ளைத்தாளாகிவிடும். எங்கேயாவது ஒரு அடர்த்தியான கறுப்பு வேண்டும், எங்கேயாவது ஒரு துளி நிறம் வேண்டும். கறுப்புக்குத் தென்னை இருந்தது. நிறம்தான் ஒன்பது நாளாக அகப்படவில்லை.

பத்தாம் நாள் கரையோர மணலில் ஒரு பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்த மஞ்சள் புடவையை நீளமாக மணலில் விரித்துப் போட்டாள். நான் ஓடிப்போய் அதற்குப் பின்னால் மண்டி போட்டுக் குனிந்தேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்று தெரியவில்லை.

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு என் பொடவையப் போட்டோ புடிக்கிறீங்க?"

"பொடவை இல்லம்மா. கோபுரம்."

"கோபுரம் அங்க இருக்கு. நீங்க தரையில கெடக்கீங்க."

"கொஞ்ச நேரம் பொடவைய எடுக்காம இருங்க."

"எடுத்து என்னத்தப் பண்றது? பத்து நாளா வெயிலைக் காணோம். என் பொடவையே காயல, உங்க போட்டோ என்னத்தக் கண்டுது?"

சிரித்துக்கொண்டே அடுத்த துணியை எடுத்துக் கல்லில் அறைந்தாள். நான் எடுத்துவிட்டேன். ஆறும் வானமும் ஒரே நிறம். நடுவே தென்னை, மை கோடு இழுத்தாற்போல. கோபுரம் பால் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி மெத்தென்று நின்றது. வெயிலில் பளபளத்துக் கலங்கிப்போகிற அதன் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. கீழே அந்த மஞ்சள். இருபத்தாறு வருடம் சாம்பல் பார்த்த கண்ணோடு சொல்கிறேன், அது நல்ல படம். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

டாக்டர் அதைப் போனில் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வானம் செத்துப்போயிருக்கு."

"சாகல. மூடியிருக்கு."

"பல்லு வலியோட வரவங்க இதப் பாத்தா இன்னும் வலிக்கும்க்கா. பளிச்சுனு ஒரு சூரியன், ஆரஞ்சு கலர்ல வானம், அப்படி ஒண்ணு வேணும். உங்க குரூப்புல ஒருத்தர் அனுப்பிச்சிருக்கார், பாருங்க."

எங்கள் குரூப் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு கூடுகிற பத்துப் பேர். அனுப்பியவர் அதில் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். மேகம் மூடினால் வீட்டை விட்டே கிளம்பமாட்டார். அவர் கம்ப்யூட்டரில் வானத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டு. காலை வானம், மாலை வானம், மின்னல் வானம் என்று சேர்த்து வைத்திருக்கிறார். வேண்டிய படத்தில் வேண்டிய வானத்தை ஒட்டிவிடுவார். முக்கொம்பு, மலைக்கோட்டை, கல்லணை என்று அவர் எடுத்த எல்லாப் படத்திலும் உப்பிய பூரி மாதிரி ஒரே மேகம் நிற்கும். அந்த மேகம் அவரை விட்டு எங்கும் போவதில்லை. இதை நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வானம் நம்ம கையில இல்ல மேடம். ஆப் நம்ம கையில இருக்கு" என்றார்.

இப்போது அந்த ஆளின் பூரி மேகம் என் சுவரில் ஏறப்போகிறது. அது என் சுவர் இல்லை, டாக்டருடைய சுவர். ஆனாலும் இத்தனை நாளாக மனதுக்குள் அதை என் சுவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், ரெண்டு நாள் குடுங்க. சூரியனோட தரேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வானம் ஒட்டுகிற அந்த ஆப்பைப் போனில் இறக்கினேன். என் படத்தைப் போட்டேன். இருப்பதிலேயே மோசமான சூரியனாகத் தேடினேன். கல்யாணப் பந்தியில் போடுகிற ஜாங்கிரி நிறத்தில், தட்டு அகலத்துக்கு ஒன்று அகப்பட்டது. அதைக் கொண்டுபோய் ராஜகோபுரத்துக்கு நேர் பின்னால் வைத்தேன்.

வேண்டுமென்றேதான் வைத்தேன். தென்கரையில் நின்று பார்த்தால் கோபுரம் வடக்கே இருக்கிறது. கிழக்கு வலது கைப்பக்கம். ஐப்பசியில் சூரியன் தோளுக்கும் கொஞ்சம் பின்னால்தான் வருவான். கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்க வேண்டுமென்றால் வடக்கே உதிக்க வேண்டும். உலகம் உண்டானதிலிருந்து அப்படி நடந்ததில்லை.

டாக்டருடைய மாமனார் வீடு ஸ்ரீரங்கம். திறப்பு விழாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வரும். கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவர்கள். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். டாக்டர் அசடு வழிவார். உடனே நான் கட்டைப்பையிலிருந்து என் நிஜப் படத்தை எடுத்து நீட்டுவேன். இதுதான் என் திட்டம்.

கணவர் கேட்டார். "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?"

"பாத்துக்கிட்டே இருங்க."

"கீழ உன் பேரு போட்டிருக்கே?"

"போட்டாதானே யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க."

அவர் துணி எடுக்கப் போய்விட்டார். கிரேன் ஓட்டியவர். பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

திறப்பு விழா அன்று படம் சுவரில் ஏறியிருந்தது. சன்போர்டு அட்டையில் ஒட்டி, ஆளுயரத்துக்கு இருந்தது. கீழே வலது மூலையில் என் பெயர். நான் கட்டைப்பையோடு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வேன் வந்தது. இறங்கினார்கள். உள்ளே வந்தார்கள். கோபுரத்தைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காபி குடிக்கப் போனார்கள்.

ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோபுரத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் செய்துவருகிறார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

பொறுக்க முடியாமல் ஒரு அம்மாவிடம் நானே கேட்டேன்.

"படத்துல ஏதாவது வித்தியாசமா தெரியுதா உங்களுக்கு?"

அவர் நின்று, மறுபடி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"ரொம்ப தெய்வீகமா இருக்கும்மா."

சூரியன் தலைக்கு மேல் வருகிற மாதிரி நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வங்கி மேனேஜரும் வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் வந்து கையைக் குலுக்கினார்.

"கடைசியில கத்துக்கிட்டீங்க மேடம்."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கட்டைப்பையைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நிஜப் படம் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வெளியே ஒரு சுவரில், தெரியாத ஆட்கள் பார்க்கிற இடத்தில், என் பெயரோடு ஒரு படம் தொங்குகிறது. கெட்ட ஒட்டு. முதல்முறையாக ஒரு கெட்ட ஒட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதுவும் தெரிந்தே. யாரோ ஒருவன் கண்டுபிடித்துக் கேட்டுவிட மாட்டானா என்று இருந்தது. புத்தூர் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மார்கழியில் முறுக்கைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது. வேறு வழியில்லாமல் போனேன். ஹாலில் கூட்டம். காலியாக இருந்த ஒரே நாற்காலி அந்தப் படத்துக்கு நேர் கீழே இருந்தது. உட்கார்ந்தேன். எதிரே டாக்டரின் அறை, கதவு திறந்தே கிடந்தது. சாய்வு நாற்காலியில் ஒருவர் படுத்திருந்தார். அறுபது வயது, நெற்றியில் திருமண். ஸ்ரீரங்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. வாய் நிறைய பஞ்சு. டாக்டர் மருந்து கலக்கத் திரும்பினார். படுத்திருந்தவர் வெளியே பார்த்தார். கண் விரிந்தது. கையை நீட்டி என்னைக் காட்டி "ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

டாக்டர் திரும்பினார். "என்ன சார், வலிக்குதா?"

இல்லை என்று கையை ஆட்டினார். மறுபடி என்னைக் காட்டினார்.

"அந்த அக்காவா? தெரிஞ்சவங்களா?"

தலையில் அடித்துக்கொண்டார். விரலை என் தலைக்கு மேலே, சூரியனுக்கு உயர்த்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. அந்த மனிதர் விடவில்லை. நாற்காலியில் ஒருக்களித்தார். வலது கையைத் தலைக்கு அண்டை கொடுத்தார். இடது கையைத் தொடை மேல் நீட்டினார். ரங்கநாதர் எப்படிச் சயனித்திருக்கிறாரோ அச்சு அசல் அப்படியே. பிறகு தன் முகத்தைத் தொட்டு முன்னால் காட்டினார், முதுகைத் தொட்டுப் பின்னால் காட்டினார், கோபத்தில் நாற்காலியின் கையில் ஓங்கி அடித்தார்.

"மயக்கம் வருதா சார்? ஒருக்களிச்சுப் படுக்காதீங்க" என்று டாக்டர் அவரை மல்லாத்தினார்.

ஹாலில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வேலை முடித்துப் பஞ்சை எடுத்ததுதான் தாமதம், அவர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"டாக்டர்! பெருமாள் தெக்கே பாத்துண்டு சேவை சாதிக்கிறார். கோபுரம் தெக்கு கோபுரம். அவருக்கு முதுகுப் பக்கம், வடக்கே, சூரியன் எப்படி வந்தான்? வாயைத் திறக்க முடியாம அரை மணி நேரமா இதைப் பாத்துண்டு கெடக்கேன், பல்லு வலி தேவலாம் போலிருக்கு! எந்தப் பிரகஸ்பதி எடுத்தது இது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "அக்கா, ஆப்ல ஏதாவது தப்பா போயிடுச்சா?"

ஆமாம் என்றால் முடிந்துபோயிருக்கும். எனக்கு அது வாயில் வரவில்லை.

"தப்பா போகல. வேணும்னேதான் வெச்சேன்."

"வேணும்னேவா? என் கிளினிக்லயா?"

"நீங்கதானே வானம் செத்துப்போச்சுன்னீங்க. சூரியன் கேட்டீங்க. கெடைக்கிற எடத்துல வெச்சுக் குடுத்தேன். தப்புதான். என் பேரைப் போட்டு அதைச் செஞ்சிருக்கக் கூடாது."

அவர் முகம் சுண்டிவிட்டது. நல்ல பிள்ளை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பாவம் பார்த்துப் பழக்கம் இல்லை. அறைக்குள் போனேன். கடைக்காரருடைய பல் எக்ஸ்ரே அங்கே திரையில் இருந்தது.

"இதுல சொத்தை எங்க இருக்கு டாக்டர்?"

"இதோ, இந்த எடம். லேசா ஒரு நிழல் தெரியுது பாருங்க."

"பின்னால கொஞ்சம் ஆரஞ்சு கலர் போட்டுக் குடுக்கட்டுமா? பளிச்சுனு இருக்கும்."

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கடைக்காரருக்குத்தான் விஷயம் விளங்கவில்லை. நான் போனை எடுத்து நிஜப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கும்பிடவில்லை. கண்ணை மூடவில்லை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

"ஐப்பசியில காலம்பற ஸ்நானத்துக்குப் போனா இப்படித்தாம்மா இருக்கும்" என்றார். பிறகு, "அந்தப் பொடவை ஒண்ணுதான் கண்ணை உறுத்தறது. எடுத்துட முடியாதோ?"

"முடியாது."

அடுத்த வாரம் பல்லைப் பிடுங்க டாக்டர் என்னை வரச் சொல்லியிருந்தார். கட்டைப்பையோடு போனேன். நிஜப் படத்தை டாக்டரே உள்ளே, சாய்வு நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். படுத்தால் நேராகத் தெரியும்.

"வெளிய இருக்கிறதை என்னக்கா பண்றது? செல்ஃபி எடுக்கவே ஆளு வருது."

"இருந்துட்டுப் போகட்டும். என் பேரு மட்டும் அதுல இருக்கக் கூடாது."

அவரே பிளேடை எடுத்து வந்து அந்த மூலையை வெட்டினார். பல் பிடுங்குகிறவரின் கை, வெட்டினது தெரியவில்லை. வெட்டின துண்டைக் குப்பையில் போட்டேன். பிறகு போய்ப் படுத்தேன். ஊசி போட்டு, ஆட்டி, அசைத்து, பல்லை எடுக்கிறவரை மஞ்சள் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கத்தான் செய்தது. படம் வலியைக் குறைக்கும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஹாலில் வங்கி மேனேஜர், பல் சுத்தம் செய்ய வந்தவர், சூரியனுக்கு முன்னால் நின்றுகொண்டு பக்கத்தில் பையனோடு வந்திருந்த ஒரு தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கெல்லாம் எழுந்து போயிடணும். அந்தச் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால ஏறுறது ரெண்டே ரெண்டு நிமிஷம்தான். அதைப் புடிக்கணும். பொறுமை வேணும்."

"நீங்க எடுத்ததா சார்?" என்றாள் அந்தப் பெண்.

அவர் பெயர் இல்லாத மூலையை ஒரு தடவை பார்த்தார். அடக்கமாகச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகுதான் என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. வாயில் பஞ்சு இருந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, காலிப் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வானம் நன்றாக மூடியிருந்தது. கேமராவை எடுத்து வராமல் போனோமே என்று இருந்தது.